விவசாய வருமானத்துக்கு வரி: விலக்கு யாருக்குப் போய்ச் சேருகிறது?

ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், கழிவுகளெல்லாம் போக ஆண்டுக்கு 21 லட்சம் ரூபாய் வரிக்குரிய வருமானம் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி அவர் கட்ட வேண்டியது 2,25,000 ரூபாய். அதன்மேல் 4 சதவீத செஸ். அதே 21 லட்சத்தை இன்னொருவர் வாழைத் தோட்டத்திலிருந்து மட்டும் ஈட்டினால், அவருக்கு வருமான வரியே கிடையாது. 21 லட்சம் என்ன, இரண்டு கோடியே ஆனாலும் கிடையாது.

இதைச் சொன்னதும் இரண்டு விதமான கோபம் எழும். சம்பளக்காரர், "கைக்கு வருவதற்கு முன்பே என்னிடம் பிடித்துக்கொள்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?" என்பார். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், "பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விடுகிறவனிடமா வரி கேட்கிறீர்கள்?" என்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இருவரும் வெவ்வேறு ஆட்களை மனத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். தக்காளியைச் செடியில் விடுகிறவருக்கு, இந்த விலக்கு நாளைக்கே ஒழிந்தாலும் ஒரு ரூபாய் வரி வராது. இரண்டு கோடி காட்டுகிறவரோ தக்காளியைச் செடியில் விடுகிறவர் அல்லர். விலக்கினால் உண்மையில் மிச்சம் பிடிப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டே படித்தால் இந்த விஷயம் எளிதில் பிடிபடும்.

முதலில் நிலவரி இருந்தது

1857 கிளர்ச்சியை அடக்கி முடித்தபோது பிரிட்டிஷ் இந்தியாவின் கஜானா காலியாக இருந்தது. நிதிநிலையைச் சீர்செய்ய லண்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் வில்சன், 1860இல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். அந்த வரி நிலத்திலிருந்து வரும் வருமானத்தையும் விட்டுவைக்கவில்லை. பிறகு வரி எடுக்கப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. கடைசியில் நிலைத்து நின்ற 1886ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. நிலத்துக்காரர் ஏற்கெனவே நிலவரி கட்டுகிறார், அதே மண்ணுக்கு இரண்டாவது வரி கூடாது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

நிலவரியும் வருமான வரியும் ஒன்றல்ல என்பதை இங்கே நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிலவரி நிலத்தின்மீது விதிக்கப்படுவது. மண்ணின் தரம், பாசனம் ஆகியவற்றை வைத்து ஏக்கருக்கு இவ்வளவு தீர்வை என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். மழை பெய்ததா, பயிர் வந்ததா, விலை கிடைத்ததா என்று அது கேட்காது. வருமான வரியோ செலவு போக மிஞ்சியதன்மீது விதிக்கப்படுவது. மிஞ்சவில்லையென்றால் வரியும் இல்லை. மிஞ்சியது ஒரு வரம்புக்குள் இருந்தாலும் இல்லை. கூடுதலாக மிஞ்சினால் விகிதமும் ஏறும்.

சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை. ஒவ்வொரு பட்டாதாரரும் அரசுக்கு நேரடியாகக் கிஸ்தி, அதாவது நிலவரித் தவணை, கட்ட வேண்டும். தவணை தவறினால் ஜப்தி. வங்காளத்திலும் பிகாரிலும் கதை வேறு. அங்கே 1793இல் வந்த நிரந்தரத் தீர்வையின்படி, ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. அவர் குடியானவரிடம் வாங்கும் குத்தகை தலைமுறைக்குத் தலைமுறை ஏறியது. அரசுக்குக் கொடுத்தது ஏறவில்லை. ஆகவே, 1886இன் விலக்கு தஞ்சாவூர் மிராசுதாருக்கு ஓரளவு நிவாரணம் என்றால், வங்காள ஜமீன்தாருக்கு அது வலியப்போய்க் கொடுத்த வெகுமதி.

1924-25இல் கூடிய வரிவிதிப்பு விசாரணைக் குழு இதை ஒளிக்காமல் எழுதியது. விவசாய வருமானத்துக்கு விலக்கு தொடர்வதற்கு வரலாற்று நியாயமும் இல்லை, கோட்பாட்டு நியாயமும் இல்லை. ஆனால் நீக்குவதற்கு நிர்வாகத் தடையும் அரசியல் தடையும் இருக்கின்றன என்பது அதன் கருத்து. நூறாண்டு கழித்துப் படித்தாலும் அதில் திருத்த ஒன்றுமில்லை.

அம்பேத்கர் இதே முடிச்சை மறுமுனையிலிருந்து பிடித்தார். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கைமீது பேசியபோது, அந்த ஆண்டு வருமானமே இல்லாதவரிடம் வருமான வரி கேட்பதில்லை, ஆனால் விளைந்தாலும் பொய்த்தாலும் ஏழை விவசாயியிடம் நிலவரி கேட்கிறோமே, இது எப்படி நியாயம் என்று அவர் கேட்டார். வருமான வரிக்கு இருக்கும் இரக்கம் நிலவரிக்கு இல்லை என்பது அவருடைய வாதம். விவசாயியைக் காக்க வேண்டுமானால் வருமான வரியை நெருங்கவிடக் கூடாது என்று இன்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்றைக்கு நிலவரி பெயரளவுக்குத்தான் இருக்கிறது. பல கிராமங்களில் ஒரு பட்டாவுக்கு வசூலாகும் கிஸ்தி, அதற்கு ரசீது போடுகிற செலவுக்குக்கூடக் காணாது. பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டின் கணக்கை முடிக்க நடக்கும் ஜமாபந்தியில் இப்போது மக்கள் வரிசையில் நிற்பது பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுக் கொடுப்பதற்காக. விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம் போய்விட்டது. விலக்கு மட்டும் இருக்கிறது.

வரி போடும் அதிகாரம் யாரிடம்?

பலரும் நினைப்பதுபோல மத்திய அரசு மனம் வைத்தால் நாளைக்கே விவசாயத்துக்கு வருமான வரி போட்டுவிட முடியாது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இந்த அதிகாரத்தை மாகாணங்களிடம் கொடுத்தது. அரசமைப்புச் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 82ஆம் இனம், விவசாய வருமானம் நீங்கலாக உள்ள வருமானத்தின்மீதான வரி. மாநிலப் பட்டியலின் 46ஆம் இனம், விவசாய வருமானத்தின்மீதான வரி. ஆனால், விவசாய வருமானம் என்றால் என்ன என்பதற்கு மாநிலங்கள் தம் விருப்பப்படி பொருள் சொல்ல முடியாது. வருமான வரிச் சட்டத்தில் உள்ள விளக்கமே செல்லும் என்கிறது 366ஆவது உறுப்பு. வசூலிக்கும் உரிமை சென்னையில், வரையறை டெல்லியில்.

மாநிலங்கள் இந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை என்பதும் சரியல்ல. முதலில் துணிந்தது பிகார், 1938இல். ஜமீன்தார்களின் வருமானமே அதன் குறி. அடுத்த ஆண்டு அஸ்ஸாம் வந்தது. அங்கே குறி தேயிலைத் தோட்டங்கள். சென்னை மாகாணம் 1955இல் தோட்டப் பயிர்களுக்கு விவசாய வருமான வரிச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் மற்றப் பயிர்களுக்கும் அதை விரிவாக்கியது. பின்னாளில் தமிழ்நாடு அந்த வரியைக் கைவிட்டது. வரி எங்கெல்லாம் ஓரளவு வேரூன்றியது என்று பார்த்தால், அஸ்ஸாம், மேற்கு வங்கம், கேரளம் என்று தேயிலையும் ரப்பரும் விளையும் இடங்களாகவே இருக்கின்றன. தோட்ட நிறுவனங்கள் கணக்கு எழுதும், தணிக்கை செய்யும். அவற்றுக்கு ஓட்டும் இல்லை. பசுமைப் புரட்சியில் செழித்த பஞ்சாபும் ஹரியாணாவும் இந்த வரியைக் கையில் எடுக்கவில்லை. ஏன் என்று சட்டமன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர் நிலக்கிழார்கள் என்று எண்ணிப் பார்ப்பவருக்குப் புரியும்.

2017 ஏப்ரலில் நிதி ஆயோக் உறுப்பினர் விவேக் தேவ்ராய், ஒரு வரம்புக்கு மேற்பட்ட விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கலாம் என்று சொன்னார். மறுநாளே நிதியமைச்சர் அருண் ஜேட்லி, அப்படி எந்தத் திட்டமும் இல்லை, மத்திய அரசுக்கு அந்த அதிகாரமும் இல்லை என்று விளக்கம் கொடுத்து முடித்துவைத்தார். புதிய வருமான வரிச் சட்டம், 2025 வந்தபோதும் விலக்கு அப்படியே அதற்குள் ஏறிக்கொண்டது.

எது விவசாய வருமானம்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நம் வழக்கில் விவசாயம் என்று சொல்வதும் சட்டம் விவசாயம் என்று சொல்வதும் பல இடங்களில் ஒட்டுவதில்லை.

1957இல் ராஜா பினய் குமார் சாஹஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடிப்படையைத் தீர்மானித்தது. உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற மனித உழைப்பு நிலத்தின்மீது நடந்திருக்க வேண்டும். களை எடுப்பதும் காவல் காப்பதும் அதன் தொடர்ச்சியாக இருந்தால் சேரும். தனியே நின்றால் சேராது. அதனால், தானாக முளைத்த காட்டு மரத்தை வெட்டி விற்ற பணம் விவசாய வருமானம் ஆகாது. அது சொந்த நிலத்தில் முளைத்திருந்தாலும் ஆகாது.

பால் மாடு வளர்ப்பு, கோழிப்பண்ணை, மீன் வளர்ப்பு எதுவும் இந்த வரையறைக்குள் வராது. நாமக்கல்லில் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் வருமான வரி கட்ட வேண்டியவர்தான். இரண்டு கறவை மாட்டை வைத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் பெண்மணியின் வருமானமும் சட்டத்தின் கண்ணில் விவசாய வருமானம் அல்ல. தொகை வரம்புக்குள் இருப்பதால்தான் அவருக்கு வரி இல்லை. நடவுக்குப் போகும் கூலித் தொழிலாளியின் கூலிக்கும் இதே கதி.

இதற்கு நேர்மாறாக, விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்திலிருந்து வரும் குத்தகை விவசாய வருமானம்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் உட்கார்ந்து, அறுவடைக்கு அறுவடை பணம் மட்டும் வாங்குகிறவருக்கு முழு விலக்கு உண்டு. வயலில் இறங்கியே பார்க்காதவர் சட்டப்படி விவசாய வருமானக்காரர். நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் கூலியாள் அல்லர். விலக்கு உழைப்புக்கு அல்ல, நிலத்துக்கு என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

மாந்தோப்புக்காரர் தம் காயைத் தாமே பறித்து விற்றால் அது விவசாய வருமானம். பூ பிடித்திருக்கும்போதோ பிஞ்சாக இருக்கும்போதோ தோப்பை மொத்தமாக விலை பேசி வாங்கி, காவல் போட்டுப் பறித்து விற்கும் வியாபாரிக்குக் கிடைக்கும் லாபம் வியாபார வருமானம். மரம் ஒன்று, காய் ஒன்று, மழையும் வெயிலும் ஒன்று. கை மாறியதும் கணக்கும் மாறிவிடுகிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானது தேயிலை. நீலகிரியில் ஓர் ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தால் அந்தப் பணம் முழுவதும் விவசாய வருமானம். சொந்தத் தோட்டத்து இலையைச் சொந்தத் தொழிற்சாலையில் வாட்டி, சுருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தூளாக விற்கும் நிறுவனத்தின் லாபத்தில் பாதி மண்ணிலிருந்து வருகிறது, பாதி இயந்திரத்திலிருந்து வருகிறது. எங்கே கோடு கிழிப்பது? வருமான வரி விதிகள் ஒரேயடியாக வெட்டிவிட்டன: லாபத்தில் 40 சதவீதம் தொழில் வருமானம், மத்திய அரசு வரி போடலாம், 60 சதவீதம் விவசாய வருமானம், மாநிலம் விரும்பினால் போடலாம். ரப்பருக்கு 35க்கு 65. காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தி விற்றால் 25க்கு 75. அதையே வறுத்து அரைத்து விற்றால் 40க்கு 60. இந்த விகிதங்களுக்குப் பின்னால் எந்தப் பேருண்மையும் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கணக்குப் பார்த்து மாளாது என்பதால் வைத்துக்கொண்ட ஒப்புக்கோடு அது.

நிலத்தையே விற்றால் வரும் லாபம் வேறு பாடம். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லைக்குள்ளோ, மக்கள்தொகையைப் பொறுத்து எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கும் நிலத்துக்கு உண்டு. சாலை வழியாக அளக்கக் கூடாது, ஆகாய வழியாக நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்று 2013இல் திருத்தமும் செய்தார்கள். சாலை சுற்றிப் போவதைக் காட்டித் தப்பித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

விலக்கு உண்டு, ஆனால் கணக்கில் சேரும்

சம்பளமும் தோட்டமும் இரண்டும் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். இவர்களில் பலர், விவசாயப் பணத்துக்குத்தான் வரி கிடையாதே, கணக்கில் எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1972இல் பொருளியலாளர் கே. என். ராஜ் தலைமையிலான குழு ஒரு குறுக்குவழியைச் சொன்னது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது; ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று முடிவு செய்யும்போது விவசாய வருமானத்தையும் கணக்கில் கொள்ளலாம் அல்லவா? 1973ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை ஏற்றது. விவசாய நிகர வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்து, மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் இந்த முறை பொருந்தும்.

ஈரோட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கழிவுகள் போகச் சம்பள வருமானம் 15 லட்சம் ரூபாய், கோபிப் பக்கம் மஞ்சள் காட்டிலிருந்து நிகர வருமானம் 6 லட்சம் என்று கொள்வோம். முதலில் இரண்டையும் கூட்டி 21 லட்சத்துக்கு வரி போட்டுப் பார்க்க வேண்டும்: 2,25,000. அடுத்து விவசாய வருமானம் 6 லட்சத்தோடு அடிப்படை விலக்கு 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 10 லட்சத்துக்கு வரி போட்டுப் பார்க்க வேண்டும்: 40,000. முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1,85,000. இதுதான் அவர் கட்ட வேண்டியது, செஸ் தனி. மஞ்சள் காடே இல்லாதிருந்தால் 15 லட்சத்துக்கு 1,05,000 கட்டியிருப்பார். ஆக, வரியே இல்லாத வருமானம் அவருடைய வரியை 80,000 ரூபாய் ஏற்றிவிட்டது.

இது அரசமைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் தந்திரமா என்று கேட்டால், ஓரளவு ஆம். ஆனாலும் கெட்டிக்காரத்தனமான தந்திரம். இதன் குறை வேறு: விவசாய வருமானம் மட்டுமே உள்ள பெரும் நிலக்கிழாரை இது தொடவே தொடாது. மாட்டிக்கொள்கிறவர் சம்பளக்காரர்தான்; அதுவும் தோட்ட வருமானத்தை ஒழுங்காகக் காட்டும் சம்பளக்காரர்.

மிச்சம் பிடிப்பவர் யார்?

இப்போது கட்டுரைத் தொடக்கத்துக் கேள்விக்கு எண்களை வைத்துப் பதில் தேடலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர், ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். 86 சதவீத உடைமைகள் 2 ஹெக்டேருக்கும் கீழே. 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ளவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2018-19இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்றது. அதில் பயிர் சாகுபடியிலிருந்து வந்தது 3,798. கூலி வேலையிலிருந்து வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று நாம் சொல்லும் குடும்பம், பயிரில் சம்பாதிப்பதைவிடக் கூலியில் அதிகம் சம்பாதிக்கிறது.

நெல்லை எடுத்துக்கொள்வோம். செலவு போக ஏக்கருக்கு 25,000 ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே வைப்போம். இரண்டு போகமும் தவறாமல் எடுத்தால் ஆண்டுக்கு 50,000. சம்பளக்காரருக்கு உள்ள அதே விகிதங்களை இவருக்கும் வைத்தால், அடிப்படை வரம்பான 4 லட்சத்தை எட்டவே 8 ஏக்கர் இரு போக நன்செய் வேண்டும். வரித் தள்ளுபடியையும் சேர்த்து 12 லட்சம் வரை வரியில்லை என்பதால், உண்மையில் ஒரு ரூபாய் வரி கட்ட 24 ஏக்கருக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 15 தர ஏக்கர். மண்ணின் தரத்தைப் பொறுத்து சாதாரண ஏக்கர் கணக்கு மாறும். உச்சவரம்புச் சட்டம் எழுத்துப்படி நடந்திருந்தால், வரி கட்டும் அளவுக்கு நெல் விவசாயி ஒருவரும் அநேகமாக இருக்கவே முடியாது. நடந்ததா என்பதை அவரவர் ஊரைப் பார்த்துச் சொல்லலாம்.

ஆகவே, சிறு விவசாயிக்கு இந்த விலக்கால் ஒரு ரூபாய் நன்மையும் இல்லை. அவருக்குப் பயன்படுவது விலக்கு வரம்பு. அது எல்லோருக்கும் உள்ளது.

பயன் அடைபவர்களில் பெருந்தோட்டக்காரர்களும் நிறுவனங்களும் ஒரு வகை. இன்னொரு வகையினர் விவசாயமே செய்யாதவர்கள். லஞ்சப் பணமோ, ரசீது போடாமல் விற்ற வியாபாரப் பணமோ கையில் இருக்கிறது. எங்கேயோ பத்து ஏக்கர் தரிசு இருக்கிறது. பூ விற்றேன், காய்கறி விற்றேன், மண்டியில் ரொக்கமாகக் கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதினால் பணம் ஒரே ஆண்டில் வெளுத்துவிடும். வரியும் இல்லை. 2016இல் நாடாளுமன்றத்தில் இது பெரிய பேச்சானது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேல் விவசாய வருமானம் காட்டிய கணக்குகள் 2,700க்கும் மேல் என்று வருமான வரித்துறையே தெரிவித்தது. சிலவற்றில் கூடுதலாக ஒரு சைபர் விழுந்த தட்டச்சுப் பிழையும் இருக்கலாம் என்று சரிபார்க்கச் சொன்னார்கள். எல்லாமே சைபர் பிழையாக இருந்திருக்காது.

2019இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இன்னொன்றைக் காட்டியது. துறை ஏற்கெனவே விசாரித்து முடித்த 6,778 கணக்குகளைத் தணிக்கையாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 1,527இல், அதாவது நூற்றுக்கு 22 பேருக்கு மேல், போதிய ஆவணம் பார்க்காமலே விலக்கு கொடுத்திருந்தார்கள். நிலப் பதிவேடு இல்லை, விற்பனைச் சீட்டு இல்லை, செலவுக் கணக்கு இல்லை.

சரியாகப் பார்ப்பதென்றால் எப்படி? அடங்கலில் அந்த ஆண்டு அந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருப்பார். தண்ணீருக்குக் கிணறு உண்டா, மின் இணைப்பு உண்டா என்று பார்க்கலாம். அந்த வட்டாரத்தில் ஏக்கருக்கு என்ன விளைச்சல் என்பது வேளாண் துறைக்குத் தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ கமிஷன் மண்டியிலோ எடை போட்ட சீட்டு இருக்கும். லாரி வாடகை இருக்கும். பத்து ஏக்கரில் இரண்டு கோடிக்குப் பூ விளைந்திருந்தால், அதைப் பறிக்க விடியற்காலையில் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்பதில்லை.

அப்படியானால் வரி போட்டுவிடலாமா?

அவ்வளவு எளிதாக இருந்தால் எப்போதோ போட்டிருப்பார்கள். விவசாயியிடம் கணக்குப் புத்தகம் கிடையாது. குடும்பத்தினரின் உழைப்புக்குக் கூலி எழுதுவதில்லை. வீட்டுக்கு எடுத்த நெல்லுக்கு விலை போடுவதில்லை. குத்தகையும், விளைச்சலில் பங்கு தரும் வாரமும் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. பட்டா ஒருவர் பெயரில், உழுகிறவர் இன்னொருவர். மூன்று ஆண்டு நட்டப்பட்டு நான்காம் ஆண்டு கொட்டிக் கொடுக்கும் பயிர்கள் உண்டு. அந்த நான்காம் ஆண்டை மட்டும் பிடித்து வரி போட்டால் அது அநியாயம்.

ராஜ் குழு இதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தது. தனித்தனி விவசாயியின் கணக்கைத் தேட வேண்டாம். வட்டாரவாரியாக, பயிர்வாரியாக ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பல ஆண்டுச் சராசரியை வைத்து ஒரு மதிப்பு நிர்ணயித்து, குடும்பத்தின் மொத்த நிலத்துக்கு ஏறுவிகிதத்தில் வரி போடலாம் என்றது. பொருளியல் வகுப்பறைகளில் இன்றும் பாராட்டப்படும் திட்டம். மாநிலங்கள் அதைத் தீண்டவில்லை. 2002இல் விஜய் கேல்கர் குழு, மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றி அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தால், அது வசூலித்து மாநிலங்களுக்கே தந்துவிடலாம் என்றது. 2014இல் பார்த்தசாரதி ஷோம் தலைமையிலான வரி நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், 50 லட்சம் போன்ற உயர்ந்த வரம்புக்கு மேலே மட்டும் வரி என்று யோசனை சொன்னது. எல்லாம் அலமாரியில் இருக்கின்றன.

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விவசாயி வரியே கட்டுவதில்லை என்பது பொய். பூச்சிமருந்துக்கு 18 சதவீதம், உரத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. டீசலுக்குக் கலால் வரியும் மாநில வரியும். வியாபாரி தாம் கட்டிய ஜிஎஸ்டியை விற்பனையில் கழித்துக்கொள்வார். நெல்லுக்கும் காய்கறிக்கும் ஜிஎஸ்டி இல்லாததால் விவசாயியால் கழிக்க முடியாது. அது அவர் தலையிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்றும் உண்டு. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதத்தில்தான் நீக்கினார்கள். அந்த மாதங்களில் நாசிக் விவசாயிக்கு விலையில் குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் அவரிடமிருந்து எடுத்த வரிதான்; கஜானாவுக்குப் போகாமல் நம் சமையலறைக்கு வந்தது என்பதுதான் வேறுபாடு. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வும், மானியங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இந்தியக் கொள்கைகள் விவசாயிகளுக்குக் கொடுத்ததைவிட அவர்களிடமிருந்து எடுத்ததே அதிகம் என்றது. இந்த ஏற்றுமதித் தடைகளை வைத்துக்கொண்டே வருமான வரியும் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாகிஸ்தான் இப்போது இதைச் செய்துபார்க்கிறது. அங்கேயும் விவசாய வருமான வரி மாகாணங்களின் கையில். அங்கேயும் பெயரளவுக்கே வசூல். சட்டமன்றங்களில் நிலப்பிரபுக்களின் பிடி இங்கே உள்ளதைவிட இறுக்கம். 2024இல் பன்னாட்டு நாணய நிதியத்திடம் 700 கோடி டாலர் கடன் கேட்டபோது, மாகாணங்கள் விவசாய வருமான வரியை மற்ற வருமானங்களுக்கு உள்ள வரிக்கு இணையாக உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை வந்தது. 2024 நவம்பரில் பஞ்சாப் மாகாணம் சட்டத்தைத் திருத்தியது. 2025 பிப்ரவரிக்குள் மற்ற மூன்றும் பின்தொடர்ந்தன. உச்ச விகிதம் 45 சதவீதம். சிந்து மாகாண அரசு முணுமுணுத்துக்கொண்டேதான் நிறைவேற்றியது. கழுத்தில் கடன்காரரின் கை இல்லாமல் இது நடந்திருக்காது. விகிதம் எழுதியாகிவிட்டது, இனி யாருடைய நிலத்தில் என்ன விளைந்தது என்று எழுதும் பட்வாரியின், அதாவது அந்த ஊர்க் கணக்கரின், பதிவேட்டை நம்பித்தான் வசூல்.

இந்தியாவில் அவ்வளவு தூரம் போகாமலே தொடங்க ஓர் இடம் இருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர் 5 லட்சத்துக்கு மேல் விவசாய வருமானம் காட்டினால், நிலம் எந்த மாவட்டம், என்ன அஞ்சல் குறியீட்டு எண், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்று படிவத்திலேயே எழுத வேண்டும். அந்தத் தகவல் மத்திய வருமான வரித்துறையிடம் இருக்கிறது. அந்த நிலத்தில் உண்மையில் என்ன பயிர் என்பது மாநில வருவாய்த்துறையின் அடங்கலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டாவும் சிட்டாவும் கணினியில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வரி விதிக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் காட்டுகிறவர்களின் பட்டியலை மட்டும் எடுத்து, அவர்களிடம் புல எண்களைக் கேட்டு வாங்கி அடங்கலோடு ஒத்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. ஒத்துப்போகாதவை விவசாய வருமானமே அல்ல என்பதால், அவற்றுக்கு இப்போதுள்ள வருமான வரியே பொருந்தும்.